ஈறோரம்

1970-ல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு பல் ஆராய்ச்சிக் குழு போனது. தலைமை தாங்கியவர் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு அறிஞர். 480 ஆண் தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரத்தில் இறக்கி, பல்லை ஈறு எங்கே பிடித்திருக்கிறது, எவ்வளவு விட்டுவிட்டது என்று குறித்துக்கொண்டார்கள். 1985 வரை அதே ஆட்களைத் தேடிப் போய்த் திரும்பத் திரும்ப அளந்தார்கள். கடைசிச் சுற்றில் கிடைத்தவர்கள் 161 பேர்.

அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமே இருக்கவில்லை. பல் மருத்துவமும் எட்டவில்லை. பல்லைக் கவனிக்காமல் விட்டால் காலப்போக்கில் என்ன ஆகும் என்பதற்கு அவர்களுடைய வாய் உலகத்துக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதிவுகளில் ஒன்று. எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பல் போகவில்லை. 100-க்கு 8 பேருக்கு நோய் வெகு வேகமாக ஓடியது. 45 வயதில் அவர்களுடைய ஈறும் எலும்பும் சராசரியாக 13 மில்லிமீட்டர் பிடியை இழந்திருந்தன. ஒரு பல்லின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். 81 பேருக்கு மிதமான வேகத்தில், ஆனால் நிற்காமல் நடந்தது. மீதி 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. இதே குழு ஆஸ்லோவில் ஒழுங்காகப் பல் துலக்கி, மருத்துவரையும் பார்த்துவந்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் அளந்திருந்தது. 40 வயதை நெருங்கும்போது அவர்கள் இழந்த பிடி ஒன்றரை மில்லிமீட்டர். மலையகத்தில் நாலரை.

மலையகத் தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. கோவையிலிருந்து சில மணி நேர பஸ் பயணத்தில் அந்தத் தொழிலாளர்களின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். உலகத்தின் பல் மருத்துவப் பாடநூல்களுக்குப் போய்ச் சேர்ந்த அந்த அறிவு வால்பாறை லயன் வீட்டுக்கும், பல்லடத்து நூல்மில் விடுதிக்கும், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கும் முழுசாக வந்து சேரவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதக் காரணமும் அதுதான்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. வாழ்நாளில் பிரஷைத் தொடாத அந்த மனிதர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவை; சொத்தை இல்லாத, முழுசான பற்கள்.

ஆக, வாயில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. இரண்டையும் கிளப்புவது பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்றாலும் போகிற வழி வேறு. சொத்தைக்குச் சர்க்கரை வேண்டும். படலத்தில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அமிலத்தைக் காட்டும் அளவான பிஹெச் வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கும். 1940-களில் ராபர்ட் ஸ்டெஃபான் என்ற அமெரிக்கர் இதை மனித வாயிலேயே அளந்து காட்டினார்: இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பிஹெச் சரிகிறது, எச்சில் அதை மீட்டுக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை வந்ததும் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒரு டீயும் பன்னும், நாலு மணிக்கு இன்னொன்று, நைட் ஓட்டினால் மேலும் இரண்டு என்று குடிக்கிறவரின் பல் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அமிலத்தில் கிடக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை என்பது பல்லுக்கு முக்கியம். கவுந்தப்பாடி வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் உடம்புக்கு நல்லது என்று நம்பிப் போடுகிறோம். கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஈறு நோய்க்குச் சர்க்கரை தேவையே இல்லை. படலத்தை ஈறோரத்தில் கலைக்காமல் விட்டுவைத்தாலே போதும். 1965-லேயே லோ இதை நிரூபித்துவிட்டார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. ஈறு நோயின் முதல் கட்டத்தை வீட்டிலேயே, கையாலேயே திருப்பிவிடலாம் என்று அன்று தெரிந்தது. எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு அப்படித் திருப்ப முடியாது.

அந்தப் படலம் எப்படி இருக்கும்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினாலும் சுவரில் வழுக்கல் அப்படியே இருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்லில் படிவதும் அதே வகைதான். கிருமிகள் தாங்களே சுரந்த பசையில் தங்களைப் புதைத்துக்கொண்டு ஒட்டியிருக்கின்றன. கொப்பளித்தால் போகாது. மவுத்வாஷ் மேல்தட்டைத்தான் தொடும். துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதம் பல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது, சில மணி நேரத்தில் முதல் கிருமிகள் குடியேறுகின்றன, இரண்டு மூன்று நாளில் அடியில் காற்றுப் படாத இடம் உண்டாகி ஈற்றைப் புண்ணாக்கும் வகைகள் வந்து சேர்கின்றன. எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் இறங்கிக் கெட்டியானால் காரை. காரை கட்டிவிட்டால் பிரஷ் ஒன்றும் செய்ய முடியாது.

1683-ல் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டன் வான் லீவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து வெள்ளையாக இருந்ததைச் சுரண்டி எடுத்துத் தன் கையால் செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். தினமும் உப்பு வைத்துத் தேய்க்கிறவர், சாப்பிட்டதும் குச்சியால் கடைவாயைக் குத்தித் துணியால் துடைக்கிறவர் அவர். அப்படியும் இடுக்கில் அது மிஞ்சியிருந்தது, அதற்குள் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. கிருமி என்று ஒன்று இருப்பதை மனிதன் கண்ட முதல் சில பார்வைகளில் அதுவும் ஒன்று. உப்பும் விரலும் எட்டாத இடம் எது என்பதையும் அவர் கடிதம் அன்றே சொல்லிவிட்டது.

அந்தப் படலத்தை உங்கள் வீட்டில் நீங்களே பார்க்கலாம். உடுமலைப் பக்கம் விளையும் பீட்ரூட்டில் ஒரு துண்டை வெட்டி, துலக்கிய வாயில் நன்றாக மென்று துப்பி, ஒரு முறை மட்டும் கொப்பளித்துவிட்டு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். சுத்தமான எனாமலில் நிறம் பிடிக்காது. படலம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பல்லின் முகம் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். சிவப்பு நிற்பது ஈறும் பல்லும் சேரும் கோட்டில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில், கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தில். கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் நாக்கடி எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிறது. காரை அங்கே முதலில் கட்டுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த இடங்களைக் குறிவைத்துத்தான் சார்லஸ் பாஸ் ஒரு முறையைச் சொன்னார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், மலேரியாக் கிருமியை 1912-ல் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டியவர், பிற்காலத்தில் பல்லின் பக்கம் திரும்பினார். பிரஷை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, நார் நுனி பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலிருக்கும் சின்னப் பள்ளத்துக்குள் லேசாக நுழையும்படி வைத்து, அந்த இடத்திலேயே அரைப் பல் அகலத்துக்கு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு அசைவு. பிறகு அடுத்த இரண்டு பல்லுக்கு நகர வேண்டும். பென்சில் பிடிப்பது போல விரல் நுனியில் பிரஷைப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். முழுசாகச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். நம்மில் பலர் அதில் பாதி நேரம்கூடக் கொடுப்பதில்லை.

நார் மிருதுவாக இருக்க வேண்டும் என்பதைக் கொங்கு நாட்டில் ஒத்துக்கொள்ளவைப்பது கஷ்டம். பல் விளக்குவது என்றால் பாத்திரம் விளக்குகிற வேகத்தில் செய்தால்தான் திருப்தி. கடையில் ஹார்டு பிரஷ் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 40 வயதுக்கு மேல் உள்ளவர்களின் வாயில் கோரைப்பல்லுக்கு அடுத்து, ஈறு இறங்கிய இடத்தில், வாளால் கீறியது போல ஒரு வெட்டு தெரியும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்தில் அதிகம். ஈறு இறங்கினால் வெளிப்படுவது எனாமல் இல்லாத வேர். அதன் மேல் குறுக்காக அழுத்தித் தேய்த்துத் தேய்த்து உண்டாகும் பள்ளம் அது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்பது அங்கேதான்.

பழைய பொருள்களையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். செங்கல் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் எனாமலைவிடக் கடினமானது. உமிக்கரியில் சிலிக்கா நிறைய இருக்கிறது. தேய்த்ததும் பல் பளிச்சென்று தெரியும், பளிச்சென்று தெரிவது எனாமல் தேய்வதாலும்தான். விரலில் பல்பொடி தொட்டுத் தேய்த்தால் பல்லின் முகம் துடைபடும், இடுக்கு அப்படியே கிடக்கும். வேப்பங்குச்சியை நான் தள்ளிவிட மாட்டேன். மென்று நார் விட்ட பச்சைக் குச்சியை ஒவ்வொரு பல்லாக மேலிருந்து கீழே இழுக்கத் தெரிந்தவர் வாய் சுத்தமாகத்தான் இருக்கிறது. பல்குச்சி வழக்கம் உள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. உள்பக்கத்துக்கு அது வளையாது என்பது ஒரு குறை. அதில் ஃப்ளோரைடு இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை; ஏன் என்று பேஸ்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் ஈறு வீக்கம் கொஞ்சம் குறைந்ததாக 2009-ல் சென்னையில் 20 சிறுவர்களை வைத்துச் செய்த சிறு ஆய்வு ஒன்று காட்டியது. துலக்கிய பிறகு கூடுதலாகச் செய்வதென்றால் செய்யலாம். துலக்குவதற்குப் பதிலாக வேண்டாம்.

பல்லிடுக்குக்கு வருவோம். எந்தப் பிரஷின் நாரும் இரண்டு பல் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் போகாது. சொத்தையும் ஈறு நோயும் அதிகம் ஒளிந்துகொள்வது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு ஆனதும் ஊக்கு, தீக்குச்சி, சீமாற்று ஈர்க்கு என்று கையில் கிடைத்ததை எடுக்கிறோம். கறி நார் வெளியே வந்துவிடும். ஆனால் படலம் போகாது, பல்லிடை ஈறு குத்துப்பட்டுக் கீழிறங்கி இடைவெளி பெரிதாகி, அடுத்த ஞாயிறு இன்னும் அதிகமாகச் சிக்கும். லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1819-ல் எழுதிய நூலில் மெழுகு பூசிய பட்டு நூலை இதற்குச் சொன்னார். பட்டின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் நைலான் பிடித்துக்கொண்டது. பஞ்சு நூல் வேண்டாம். வீட்டில் இருக்கும் தையல் நூல் நடுவில் அறுந்து மாட்டிக்கொள்ளும், இழுத்தால் ஈற்றை அறுக்கும். மருந்துக்கடையில் ஃப்ளாஸ் என்று கேட்டால் கிடைக்கும்.

முழங்கை நீளத்துக்கு வெட்டி, இரண்டு நடுவிரலிலும் சுற்றி, நடுவில் இரண்டு விரற்கடை மட்டும் விறைப்பாகப் பிடியுங்கள். பல் ஒட்டும் இடத்தை ரம்பம் அறுப்பது போல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தே தாண்ட வேண்டும். சடாரென்று அழுத்தினால் ஈறு வெட்டுப்படும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின் பக்கம் வளைத்து அணைத்து, ஈறுக்குக் கொஞ்சம் கீழே வரை இறக்கி, ஏற்றி இறக்கி நான்கைந்து முறை. பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல்லை அணைக்க வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இரண்டாவது பல்லைத்தான்.

நூல் உண்மையில் பயன்படுகிறதா என்ற கேள்வி 2016-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாகக் கிளம்பியது. கேள்வி நியாயமானதுதான். பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2006-ஆம் ஆண்டு அலசல் ஒன்று வேறொன்றைச் சொல்கிறது. பள்ளிக்கூட நாள்களில் தினமும் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு நூல் போட்டுவிட்ட இடத்தில், 1.7 ஆண்டில் சொத்தை 40 சதவீதம் குறைந்தது. பதின்வயதினர் தாங்களே போட்டுக்கொண்ட இடத்தில் ஒரு பலனும் தெரியவில்லை. நூல் அதேதான், கைதான் வேறு. ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிடச் சிறு பல்லிடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதையே வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈற்றுக்கு வைத்தியம் பார்த்தால் ரத்தச் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது.

பேஸ்டைப் பற்றிப் பேசக் கொங்கு நாட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். கோவையில் பல பகுதிகளின் நல்ல தண்ணிக் குழாயில் வருவது சிறுவாணி. மலைக்காட்டில் பெய்து அணையில் தேங்கும் அந்த நீரில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. சேலத்தைத் தாண்டித் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையில் வெகு காலம் ஊறி ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை என்பது இந்திய அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை எட்டு வயதுக்குள் குடித்து வளரும் பிள்ளைகளின் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோடும் பழுப்புக் கறையோடும் வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (இந்த ஃப்ளோரைடு பாதிப்பு) தணிப்பு என்று இருப்பது இதனால்தான். 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கறை எனாமலுக்கு உள்ளே இருக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று செங்கல் பொடியும் கரியும் வைத்துத் தேய்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அது அழுக்கில்லை, உன் சோம்பலும் இல்லை, தேய்த்தால் போகாது. பல் மருத்துவர் மேல்பூச்சால் மறைத்துத் தருவார்.

இதைப் பார்த்துவிட்டு ஃப்ளோரைடே விஷம் என்று பேஸ்டைத் தூக்கிப் போடுவது தவறு. தண்ணீரில் விழுங்குவது வேறு, பல்லின் மேல் தொட்டு நிற்பது வேறு. அமிலத்தில் கரைந்த எனாமல் எச்சிலிலிருந்து திரும்பக் கட்டும்போது பக்கத்தில் ஃப்ளோரைடு இருந்தால், கட்டும் படிகம் அடுத்த அமிலத்தை முன்பைவிட நன்றாகத் தாங்குகிறது. இந்தியாவில் பேஸ்டில் 1000 பிபிஎம் வரை ஃப்ளோரைடு அனுமதி, அது டியூபில் அச்சாகியிருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருட்டி வைப்பது விற்பனைக்காக. நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் செம்பு செம்பாக அள்ளி வாயைக் கழுவி, பல்லில் நிற்க வேண்டிய ஃப்ளோரைடையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம்.

நம் ஊரில் பல் விளக்குவது காலை வேலை. விடிந்ததும், "ஏங் கண்ணு, பல்லு வெளக்கீட்டயா?" என்று ஆத்தா கேட்பார், ராத்திரி படுக்கப் போகும் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. அமிலத்தைத் தணிக்க ஆளில்லாத அந்த ஏழெட்டு மணி நேரத்துக்கு முன்பு படலத்தைக் கலைத்து, ஃப்ளோரைடைப் பல்லில் விட்டுவைப்பதுதான் நாளின் பெரிய வேலை. இரண்டு வேளையில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள், நூலையும் அப்போதே போடுங்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை தானாக இதைச் செய்யாது. பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு துலக்கிவிட வேண்டும்.

கடைசியாக இரண்டு பயங்கள். "காரை எடுத்தா பல்லு ஆடீரும்ங்க" என்று கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கிறேன். எலும்பு ஏற்கெனவே கரைந்து ஆடத் தொடங்கிய பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் கரைவது நிற்காது. இன்னொன்று, ரத்தம். துலக்கும்போதோ முதல் முறை நூல் போடும்போதோ ரத்தம் கண்டால் அந்த இடத்தை விட்டு ஒதுங்கத் தோன்றும். வீங்கிய ஈறுதான் லேசாகத் தொட்டாலும் கசிகிறது. படலம் உட்கார்ந்திருக்கும் இடமும் அதுதான். மிருதுவான பிரஷோடு அதே இடத்தில் தினமும் போங்கள். லோவின் 12 பேருக்கு ஒரு வாரம், பத்து நாள் பிடித்தது. இரண்டு வாரம் கழித்தும் கசிந்தால் ஈறுக்கு அடியில் காரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள். மருத்துவர் அதே மில்லிமீட்டர் கம்பியை ஈறோரத்தில் இறக்கிப் பார்ப்பார். மூன்றுக்குள் இருந்தால் வீட்டு வேலையே போதும். நான்கும் அதற்கு மேலும் போனால் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.